1952 லண்டன் ஞாயிறு: வால்வு ரேடியோவில் பகல் 12 முதல் நள்ளிரவு வரை (நிரல், மீட்டர், செட் எல்லாம் இங்கே பேசலாம்)

#1 மர்ஃபி_பிரியன்

வணக்கம். பழைய ரேடியோ கண்காட்சி ஒன்றுக்காக, 1952-ல் லண்டனில் ஒரு வீட்டு ரேடியோ ஞாயிறு முழுக்க எப்படிப் பாடியிருக்குமோ அப்படியே ஓட்டிக் காட்டும் திட்டம். செட் புஷ் டிஏசி90ஏ. கம்ப்யூட்டரில் ஒலிக்கோப்புகள். நான்கு குட்டி ஆஸிலேட்டர்கள் (ரேடியோ அலை உண்டாக்கும் கருவிகள்) போட்டு, பார்வையாளரே முள்ளைத் திருப்பி பிபிசியின் லைட், ஹோம், தேர்ட் சேவைகள், லக்ஸம்பர்க் நிலையம் நான்கையும் பிடிக்கும்படி செய்ய வேண்டும்.

இப்போதைய வரிசை: 12:00 ஃபேமிலி ஃபேவரிட்ஸ், 1:30 பில்லி காட்டன், 2:30 ரவுண்ட் தி ஹார்ன், 3:00 நேவி லார்க், மாலை டவுன் யுவர் வே, இரவு கிராண்ட் ஹோட்டல், 11:00 லக்ஸம்பர்க் டாப் ட்வென்டி. இடைவெளி விடாமல் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

#2 நிரல்தாள்

இருக்கிறது. ரவுண்ட் தி ஹார்ன் முதலில் ஒலித்தது 1965 மார்ச் 7. நேவி லார்க் 1959. இரண்டையும் 1952-ல் வைத்தால், விஷயம் தெரிந்த ஒருவர் வந்தால் போதும், மானம் போய்விடும். "பழைய பிபிசி காமெடி" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால் வரும் வினை இது.

முதலில் தேதியைப் பிடியுங்கள். "1952" என்பது தேதி ஆகாது. பில்லி காட்டன் பேண்ட் ஷோ 1949 முதல் 1968 வரை ஓடியது, ஆனால் வருடம் முழுக்கத் தொடர்ந்து அல்ல; சீசன் சீசனாக. நீங்கள் எடுக்கும் ஞாயிறு சீசனுக்கு வெளியே விழுந்தால் 1:30-க்கு வேறு ஏதோ ஓடியிருக்கும். ரேடியோ டைம்ஸ் இதழின் பழைய நிரல்களை பிபிசி தன் ஜீனோம் தளத்தில் போட்டிருக்கிறது. அங்கே தேதி கொடுத்துத் தேடினால் லைட், ஹோம், தேர்ட் மூன்றும் தனித்தனியாக வரும். அந்தக் காலத்து ரேடியோ டைம்ஸில் வாரமே ஞாயிற்றுக்கிழமையில்தான் தொடங்கும். இதழை வாங்கிப் புரட்டினால் நிரல் பக்கங்களில் முதலில் வருவதே ஞாயிறு.

ஒரு எச்சரிக்கை. அங்கே இருப்பது அச்சிட்ட நிரல். உண்மையில் ஒலித்தது அதுதான் என்று உத்தரவாதம் இல்லை. 1952 பிப்ரவரி 6-ல் ஆறாம் ஜார்ஜ் இறந்ததும் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டார்கள். அச்சிட்ட நிரல் மட்டும் அப்படியே கிடக்கிறது. 1947 பிப்ரவரி எரிபொருள் நெருக்கடியிலும் இதே கதை, தேர்ட் புரோகிராமையே கொஞ்ச நாள் மூடினார்கள். ஆகவே 1952 பிப்ரவரியைத் தொடாதீர்கள்.

#3 நீளலை_1500

மீட்டர் (அலைநீளம்) கணக்கை நான் தருகிறேன். 1950 மார்ச் 15-ல், ஐரோப்பிய அலைகளைப் பங்கிட்ட கோபன்ஹேகன் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஐரோப்பாவில் எல்லா நிலையங்களும் இடம் மாறின. உங்கள் 1952 அதற்குப் பின்னால் வருவதால் எண்கள் இவை:

லைட்: 1500 மீட்டர், 200 கிலோஹெர்ட்ஸ், டிராய்ட்விச்சிலிருந்து. அதோடு 247 மீட்டர், 1214 கிலோஹெர்ட்ஸ்.
லண்டன் ஹோம்: 330 மீட்டர், 908 கிலோஹெர்ட்ஸ், புரூக்மன்ஸ் பார்க்.
தேர்ட்: 464 மீட்டர், 647 கிலோஹெர்ட்ஸ்.
லக்ஸம்பர்க்: 208 மீட்டர், 1439 கிலோஹெர்ட்ஸ். ஆங்கில ஒலிபரப்பு இங்கே வந்தது 1951 ஜூலையில். அதற்கு முன் நீளலையில் 1293 மீட்டர்.

ஆக 1949 ஞாயிறு என்று எடுத்திருந்தால் முள் வேறு இடங்களில் நின்றிருக்கும். லண்டன் என்று சொல்வதும் முக்கியம். ஹோம் சர்வீஸ் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு அலை, சில மணி நேரம் வேறு நிகழ்ச்சி. மான்செஸ்டர் பக்கம் 434 மீட்டரில் நார்த் ஹோம் கேட்பார்கள். லைட் நாடு முழுக்க ஒன்றுதான்.

இன்னொன்று கவனித்தீர்களா? லைட் தொடங்கிய 1945 ஜூலை 29 ஞாயிறு. தேர்ட் தொடங்கிய 1946 செப்டம்பர் 29 ஞாயிறு. ஃபேமிலி ஃபேவரிட்ஸ் 1945 அக்டோபர் 7, ஞாயிறு. அலிஸ்டர் குக்கின் ரேடியோ உரையான அமெரிக்கக் கடிதம் முதலில் வந்தது 1946 மார்ச் 24, அதுவும் ஞாயிறு. டவுன் யுவர் வே 1946 டிசம்பர் 29, ஞாயிறேதான். இதில் எண் ஜோதிடம் ஒன்றும் இல்லை; நிரல்தாள் சொன்னதுதான், நிரல் வாரம் ஞாயிற்றில் பிறக்கும்.

#4 பற்றாசு

நிரலெல்லாம் அப்புறம். அந்த டிஏசி90ஏ-ஐ யாராவது சும்மா பிளக்கில் செருகிவிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அது ஏசி/டிசி செட். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சேஸிஸ் (உள்ளே உள்ள உலோகச் சட்டம்) நேரடியாக மெயின்ஸின் ஒரு கம்பியில் நிற்கிறது. ரெண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். குமிழைக் கழற்றிவிட்டு வெறும் ஷாஃப்டைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். குமிழில் உள்ள சின்ன ஸ்குரூவின் குழியை மெழுகால் அடைத்திருப்பது அழகுக்கு அல்ல; அதைச் சுரண்டி எடுத்தால் திரும்ப அடையுங்கள். பொதுமக்கள் கை வைக்கும் இடம் என்றால் 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், 100 விஏ, கட்டாயம். இது இல்லாமல் கண்காட்சியில் வைக்கவே கூடாது.

வால்வுகள்: யுசிஎச்42, யுஎஃப்41, யுபிசி41, யுஎல்41 (அவுட்புட் வால்வு), யுஒய்41 (ரெக்டிஃபையர்). ஹீட்டர்கள் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) எல்லாம் தொடரில், 100 மில்லியாம்பியர். வோல்ட்: 14, 12.6, 14, 45, 31. கூட்டினால் 116.6. மீதி 113 வோல்ட் டிராப்பரில் (வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டரில்) விழுகிறது: 113-ஐ 0.1-ஆல் வகுத்தால் 1130 ஓம், 11 வாட்டுக்கு மேல் வெப்பம். செட்டின் பின்பக்கம் அனலாய் இருப்பது இதனால்தான். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மேலே துணி போடாதீர்கள். நம் லைனில் பகலில் 240 தாண்டும்; டிராப்பர் டேப்பை உச்ச வோல்ட்டில் வையுங்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும் முன்:

யுபிசி41 ஆனோடிலிருந்து யுஎல்41 கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சரை, சுமார் 0.01 மைக்ரோஃபாராட், கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். பழைய மெழுகுத்தாள் கண்டென்சர் கசியும். கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறும், யுஎல்41 அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும், முதலில் குரல் கரகரக்கும், பிறகு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்துவிடும். பத்து ரூபாய் கண்டென்சருக்காக, எங்கேயும் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மர் போகும். புதிதாகப் போடுவது 630 வோல்ட் பாலியெஸ்டர். மாற்றிய பிறகும் கிரிட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட் பாசிட்டிவ் காட்டினால்கூட யுஎல்41 வால்வே உள்ளே கசிகிறது என்று அர்த்தம்.

மெயின்ஸுக்குக் குறுக்கே உள்ள கண்டென்சரை எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி ஒன்றால் மாற்றுங்கள். சாதா 400 வோல்ட் டிசி போட்டால் ஒருநாள் வெடிக்கும்.

ஸ்மூதிங் எலெக்ட்ரோலிட்டிக்கில் "பெருசா இருந்தா ஹம் குறையும்" என்று 100, 220 என்று ஏற்றாதீர்கள். யுஒய்41-க்கு அடுத்த முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாராட் தாண்டக் கூடாது. ஆன் செய்யும் கணத்தில் பாயும் கரண்ட் கேதோடை உரித்துவிடும்.

பிறகு 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் சரி. முழு ஒளியில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்குங்கள். 40 வாட் பல்பு போட்டால் ஹீட்டர் சூடாகாமல் "செட் செத்துடுச்சு" என்று நினைப்பீர்கள். எல்இடி பல்பு இதற்கு உதவவே உதவாது.

#5 மர்ஃபி_பிரியன்

நிரல்தாள் சார், நீளலை சார், ரொம்ப நன்றி. பற்றாசு அண்ணே, கண்டென்சர் ஏற்கெனவே மாற்றியாயிற்று, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுக்கிறேன்.

ஒரு பிரச்சினை. 908-ல் ஹோம் சர்வீஸ் ஆஸிலேட்டர் வைத்தால் பேச்சின் பின்னால் ஒரு விசில். மற்ற இடங்களில் இல்லை. தேர்ட் 464-ஐ செட்டின் ஐஎஃப் (செட்டுக்குள் உருவாகும் இடைநிலை அலை) தொந்தரவு செய்யுமோ என்றும் பயம்.

#6 பற்றாசு

இரண்டாவதை முதலில் தீர்த்துவிடுகிறேன். தேர்ட் 464 என்பது மீட்டர். ஐஎஃப் 465 என்பது கிலோஹெர்ட்ஸ். 464 மீட்டர் என்றால் 647 கிலோஹெர்ட்ஸ். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இந்த எண் ஒற்றுமையில் ஏமாறாத ஆள் குறைவு.

விசிலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் செட்டுகள் 465 அல்லது 470-ல் அலைன் ஆனவை. உங்கள் செட்டுக்கு எது என்று சர்வீஸ் தாளைப் பாருங்கள். நம் ஊர் மெக்கானிக் கையில் போனால் பழக்கதோஷத்தில் 455-க்கு இழுத்து வைத்துவிடுவார். 455-ன் இரட்டை 910. அது டிடெக்டரிலிருந்து ஏரியல் பக்கம் கசிந்து 908-ஓடு மோதினால் 2 கிலோஹெர்ட்ஸ் விசில். 465 என்றால் இரட்டை 930. 22 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும், காதுக்கு வராது.

இன்னொரு காரணம், இரவில் 909-ல் ஏதாவது நிலையம் வருவது. 1978 நவம்பரில் மத்திய அலை முழுக்க 9-ன் மடங்குகளுக்கு மாறியபோது பழைய பிபிசி அலைகளும் லக்ஸம்பர்க்கும் ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தன: 647 போய் 648, 908 போய் 909, 1214 போய் 1215, 1439 போய் 1440. நம் ஆகாசவாணியும் அதே 9-ன் மடங்கில்தான் நிற்கிறது. நீங்கள் பழைய எண்ணில் வைத்தால் 1 கிலோஹெர்ட்ஸ் விசில் கேட்கும்.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். டியூனிங் குமிழை மயிரிழை அசையுங்கள். விசிலின் சுருதி ஏறி இறங்கினால் ஐஎஃப் இரட்டை. சுருதி மாறாமல் சத்தம் மட்டும் கூடிக் குறைந்தால் வெளி நிலையம். முன்னதுக்கு ஐஎஃப் திரும்ப அலைன் செய்ய வேண்டும், பின்னதுக்கு ஆஸிலேட்டரை 909-ல் வைத்தால் போதும். டயலில் ஒரு கிலோஹெர்ட்ஸ் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

ஆஸிலேட்டருக்கு ஏரியல் கம்பி கட்டாதீர்கள், உரிமம் இல்லாமல் அது ஒலிபரப்பு. 30 செ.மீ. விட்டத்தில் பத்துச் சுற்று வளையம், 100 ஓம் தொடரில், செட்டின் பின்னால் அரை மீட்டரில். செட்டுக்குள் ஃபிரேம் ஏரியல் இருப்பதால் இதுவே தாராளம். 200 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் விமான நிலைய பீக்கன்கள் இருக்கும், அங்கே கூடுதல் ஜாக்கிரதை.

ஒலிக்கோப்பை மோனோ ஆக்கி 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள். மாடுலேஷன் 80 சதம். அதற்கு மேல் போனால் "ஸ" எல்லாம் கிழியும்.

#7 சிற்றலை_நேயர்

லக்ஸம்பர்க்குக்கு இந்தச் சுத்தமான ஒலி ஆகாது சார். 208 என்றாலே மங்கி மங்கி வருவதுதான்.

பலர் செய்வது வால்யூமை மெதுவாக ஏற்றி இறக்குவது. தப்பு. செட்டில் ஏவிசி இருக்கிறது, வெறும் ஏற்ற இறக்கத்தை அது சமன் செய்துவிடும். லண்டன் காதில் கேட்டது வேறு: குரல் திடீரென்று குழைந்து, தொண்டையில் துணி அடைத்த மாதிரி ஆகி, திரும்பத் தெளியும். இரவில் அலை வானத்து அயனி அடுக்குகளில் இரண்டு உயரங்களில் பட்டுத் திரும்புகிறது. லக்ஸம்பர்க் - லண்டன் தூரம் ஏறத்தாழ 500 கி.மீ. 110 கி.மீ. உயர அடுக்கு வழியாக வந்தால் பாதை 546 கி.மீ., 250 கி.மீ. உயர அடுக்கு வழியாக 707 கி.மீ. வித்தியாசம் 161 கி.மீ., அதாவது 0.54 மில்லிசெகண்ட். இரண்டும் சேரும்போது சுமார் 1.9 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் கேரியர் (ஒலியைச் சுமக்கும் அலை) மேல் நகரும்போது கேரியர் செத்து சைடுபேண்ட் (ஒலி ஏறிய பக்க அலைகள்) மட்டும் மிஞ்சும். டயோடு டிடெக்டர் அதைக் குதறிவிடும். அதுதான் அந்தக் குழைவு.

செய்முறை: கம்ப்யூட்டரில் முதலில் ஏஎம் சிக்னலாகவே உருவாக்குங்கள். அதன் நகலை 0.54 மில்லிசெகண்ட் தாமதித்து, 0.8 மடங்கு வலுவில், கட்டத்தை 10 முதல் 20 விநாடிக்கு ஒரு சுற்றாக மெல்லத் திருப்பிக்கொண்டே கூட்டுங்கள். என்வலப் எடுக்காமல் அப்படியே ஆஸிலேட்டருக்குப் பதில் வளையத்தில் ஊட்டுங்கள். மீதியைச் செட்டே பார்த்துக்கொள்ளும். ஒலிக்கோப்பிலேயே தாமதம் போட்டால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரிதான் வரும், மங்கல் வராது.

டாப் ட்வென்டி ஞாயிறு இரவு 11 முதல் 12. அந்த வரிசை இசைக்குறிப்புத் தாள் விற்பனையை வைத்துப் போட்டது, ரெக்கார்டு விற்பனை அல்ல. பிரிட்டனில் ரெக்கார்டு விற்பனைப் பட்டியல் வந்ததே 1952 நவம்பரில்தான். ஆகவே இணையத்தில் கிடைக்கும் "1952 ஹிட் பட்டியல்" எதையும் அதற்கு எடுக்காதீர்கள்.

#8 மர்ஃபி_பிரியன்

அறிமுகப் பலகையில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "போர் முடிந்ததும் ரீத் காலத்து இறுக்கமான ஞாயிறு முடிவுக்கு வந்தது." சரிதானே?

#9 நீளலை_1500

இல்லை. ஐந்தாறு வருடம் பிந்திச் சொல்கிறீர்கள். அந்த ஞாயிறை உடைத்தது சமாதானம் இல்லை, போரேதான்.

பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ரீத் ஞாயிற்றுக்கிழமையைத் தேவாலயத்துக்கும் கனமான சங்கீதத்துக்கும் ஒதுக்கிவைத்தார். விளைவு, 1930களில் ஞாயிறு வந்தால் ஜனம் முள்ளைத் திருப்பி ரேடியோ நார்மண்டிக்கும் லக்ஸம்பர்க்குக்கும் போனது. விளம்பரக் கம்பெனிகள் தம் பெரிய நிகழ்ச்சிகளை ஞாயிற்றில் கொட்டியதே இதனால். ரீத் 1938-ல் விலகினார். 1940 தொடக்கத்தில் பிரான்ஸில் பாசறையில் உட்கார்ந்திருந்த சிப்பாய்களுக்காக ஃபோர்ஸஸ் புரோகிராம் வந்தது. சிப்பாய்க்கு ஞாயிறும் ஒரு நாள்தான். அவன் கேட்டது நடனப் பாட்டும் வேடிக்கையும். உள்நாட்டில் வீட்டுக்காரர்களும் அதையே கேட்கத் தொடங்கினார்கள். 1944-ல் அது ஜெனரல் ஃபோர்ஸஸ் புரோகிராம் ஆனது, 1945 ஜூலையில் அந்த இடத்தில்தான் லைட் உட்கார்ந்தது. உங்கள் 12 மணி நிகழ்ச்சியின் பெயரிலேயே ராணுவ வாசம் இருக்கிறதே: முன்னால் அது ஃபோர்ஸஸ் ஃபேவரிட்ஸ்.

பழையது அப்படியே மறைந்துவிடவும் இல்லை. லைட்டிலேயே காலையில் சாண்டி மக்ஃபர்சனின் ஆர்கன், இரவில் சண்டே ஹாஃப் அவர் பக்திப் பாடல்கள். ஹோமில் ஆராதனையும், இரவில் தர்ம காரியத்துக்கு நன்கொடை கேட்கும் வீக்ஸ் குட் காஸும். பலகையில் இரண்டும் ஒரே நாளில் அருகருகே இருந்தன என்று எழுதுங்கள்.

#10 நிரல்தாள்

"இடைவெளி விடாமல் ஒட்டிவிடலாம்" என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஒட்டினால் அது பாட்டு கேசட், ஞாயிறு அல்ல.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இடையே அறிவிப்பாளர் குரல் வேண்டும், சில விநாடி மௌனம் வேண்டும். நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்தால் மௌனத்தோடு நிரப்புவார்கள் அல்லது ஒரு ரெக்கார்டு. ஆறு பீப் கிரீன்விச் மணி 1924 முதல் உண்டு. அந்தக் காலத்தில் ஆறும் ஒரே நீளம். கடைசி பீப் நீளமாக ஒலிப்பது 1972-ல் வந்த மாற்றம். இணையத்தில் கிடைக்கும் பீப்பை அப்படியே போட்டால் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

ரெக்கார்டு ஓட்ட கம்பெனிகளோடு உச்சவரம்பு ஒப்பந்தம் இருந்ததால் பெரும்பாலான சங்கீதம் நேரடி வாத்தியக் குழு. பில்லி காட்டன், கிராண்ட் ஹோட்டலின் பாம் கோர்ட் குழு எல்லாம் அந்தக் கட்டாயத்தின் பலன். ஃபேமிலி ஃபேவரிட்ஸ்தான் விதிவிலக்கு, ரெக்கார்டு வரம்பில் கொழுத்த பங்கு அதற்கு. லண்டனில் ஒரு அறிவிப்பாளர், ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ஃபோர்ஸஸ் நெட்வொர்க்கில் இன்னொருவர், நடுவில் லைன். ஜீன் மெட்கால்ஃபும் கிளிஃப் மிச்செல்மோரும் இப்படித்தான் குரலால் பழகி 1950-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். உங்கள் ஒலியில் ஹாம்பர்க் பக்கம் கொஞ்சம் தட்டையாக, லைன் வழியே வருகிற மாதிரி இருக்க வேண்டும்: 300-க்குக் கீழும் 3500-க்கு மேலும் லேசாக இறக்குங்கள், முழுக்க வெட்டாதீர்கள். 1954-ல் அந்த நிலையம் கொலோனுக்குப் போய்விட்டது, ஆகவே 1952-க்கு ஹாம்பர்க்தான்.

காமெடிக்கு நீக்கிய இரண்டின் இடத்தில் வெரைட்டி பேண்ட்பாக்ஸ் வையுங்கள், ஞாயிறு இரவில். அது ஓடியது 1952 வரைதான் என்பதால் மறுபடி: தேதி, தேதி. டவுன் யுவர் வே-யில் அப்போது ரிச்சர்ட் டிம்பிள்பி.

இன்னொரு பொறி. கிடைக்கும் பழைய நிகழ்ச்சிகளில் பல, வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய டிரான்ஸ்கிரிப்ஷன் டிஸ்க்கிலிருந்து வந்தவை. அதில் உள்ளூர் நடப்புக் கிண்டல்களை வெட்டியிருப்பார்கள். வெட்டினது வெட்டினதுதான், பலகையில் "வெளிநாட்டுப் பதிப்பு" என்று போட்டுவிடுங்கள்.

#11 குடைராட்டினம்

கரண்ட் இல்லாத வீடுகளில் என்ன செய்தார்கள்? பக்கத்தில் ஒரு பேட்டரி செட்டும் வைக்கலாமா?

#12 பற்றாசு

வைக்கலாம், ஓட்ட வேண்டாம். 2 வோல்ட் ஈய ஆசிட் அக்யூமுலேட்டர், 120 வோல்ட் எச்டி (உயர் வோல்ட்) டிரை பேட்டரி, கிரிட் பயாஸுக்கு 9 வோல்ட். நான்கு வால்வு ஆளுக்கு 0.1 ஆம்பியர் என்றால் 20 ஆம்பியர்-மணி அக்யூமுலேட்டர் 50 மணி நேரம் தாங்கும், ஏறக்குறைய ஒரு வாரம். கடையில் கொடுத்து மாற்றுவார்கள். ஞாயிறு கடை கிடையாது. சனிக்கிழமை மறந்தால் ஞாயிறு மௌனம். இன்று ஓட்டுவதென்றால் எச்டிக்கு 9 வோல்ட் பேட்டரி 13 தொடரில் போட்டால் 117 வரும், போதும். 2 வோல்ட்டுக்குப் பதில் இரண்டு டிரை செல் தொடரில் போட்டு 3 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், நான்கு வால்வும் வீணாகும்.

#13 மர்ஃபி_பிரியன்

திருத்திய திட்டம்: 1952 கோடை ஞாயிறு ஒன்று, தேதி ஜீனோமில் பார்த்து முடிவு செய்கிறேன். 12:00 ஃபேமிலி ஃபேவரிட்ஸ். 1:30-க்கு பில்லி காட்டன், சீசன் பொருந்தினால் மட்டும். மாலை டவுன் யுவர் வே. இரவு சண்டே ஹாஃப் அவர், கிராண்ட் ஹோட்டல், வெரைட்டி பேண்ட்பாக்ஸ், அச்சிட்ட நேரப்படி. 11:00 லக்ஸம்பர்க். இடையில் மௌனம், ஆறு சம பீப். தேர்ட் மாலைதான் தொடங்கும் என்பதால் பகலில் 648-ல் வெறும் இரைச்சல் விடுகிறேன். 9 மணிக்கு லைட்டில் பிக் பென் மணி போடலாமா?

#14 நிரல்தாள்

9 மணிச் செய்திக்கு முன் பிக் பென் ஹோமில். 909-ல் போடுங்கள். லைட்டில் போட்டால் கிராண்ட் ஹோட்டலின் வயலின் மேல் மணி அடிக்கும்.

கோடை என்றால் லண்டன் கடிகாரம் நமக்கு நாலரை மணி பின்னால். அந்த நேரத்தை நம் கடிகாரத்துக்கு மாற்ற வேண்டாம். மண்டபத்தில் லண்டன் நேரத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வைத்து, 12 அடிக்கும்போது லைட் புரோகிராம் ஒலியைத் தொடங்குங்கள். செட் சூடாக அரை நிமிடம் பிடிக்கும், 11:59-க்கே ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள்.